மூன்று விரல் ஆழம்

(புகைப்படக் கலை பயில்வோர் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நம் ஊரில் கேமரா வாங்கிப் பழகுகிறவர், அதோடு வந்த கிட் லென்ஸுக்கு அடுத்தபடியாக வாங்குவது பெரும்பாலும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைத்தான். விலை கைக்கு எட்டும், எடையும் குறைவு. வாங்கிய அன்றே அதை முழுதாகத் திறந்துவைத்து வீட்டில் ஒருவரை உட்காரவைத்து எடுப்பார். பின்னணி கரைந்து நிற்கும், மனம் நிறைந்துவிடும். சில நாள் கழித்து அதே படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் சங்கடம் தொடங்கும். கண் தெளிவாக இல்லை. காது மடலில் உள்ள பூனைமயிர்கூடத் தெரிகிறது, சட்டைக் காலரின் தையல் தெரிகிறது, கண் மட்டும் மங்கலாக இருக்கிறது. 'இந்த லென்ஸ் ஷார்ப் இல்லை' என்ற தீர்ப்பு அங்கே எழுதப்பட்டுவிடுகிறது.

அந்தத் தீர்ப்புக்கு எதிராக வாதாடத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். காது மடல் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்றால் அந்த லென்ஸால் கூர்மையாக வரைய முடிகிறது என்றுதானே பொருள்? கூர்மை படத்துக்குள்தான் இருக்கிறது. நாம் வேண்டிய இடத்தில் விழவில்லை. அதை வேண்டிய இடத்தில் விழவைப்பது ஒரு பயிற்சி. அந்தப் பயிற்சியை விலைக்கு வாங்க முடியாது.

முதலில் கொஞ்சம் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை, ஒளி நுழையும் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்தால் திறப்பு ஏறக்குறைய 28 மி.மீ. கிட் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் பெரும்பாலும் எஃப்/5.6தான் கிடைக்கும், திறப்பு 10 மி.மீ. சென்சாருக்கு வந்து சேரும் ஒளியில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வித்தியாசம். ஐ.எஸ்.ஓ. 6400 வைத்து எடுக்க வேண்டிய படத்தை 640க்குப் பக்கத்தில் எடுத்துவிடலாம். ப்ரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத இந்த லென்ஸ், நமக்குத் தரும் உண்மையான வரம் இதுதான்.

அந்த வரத்துக்கு நாம் கொடுக்கும் விலை, ஆழம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.4இல் திறந்து, 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரைப் படமெடுத்தால், தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 4.5 செ.மீ. மூன்று விரல்களைச் சேர்த்துவைத்தால் வரும் அகலம். 1 மீட்டருக்கு நெருங்கினால் 1.1 செ.மீ.; ஒரு விரல் அகலம்கூடக் கிடையாது. இந்தக் கணக்கும், வழக்கமான அளவில் அச்சிட்ட படத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்காகப் போடப்பட்டது. சென்சாரில் 0.03 மி.மீ. வரை பரவிய புள்ளியையும் 'தெளிவு' என்று அது ஏற்றுக்கொள்கிறது. இன்றைய 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ.தான். நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு மூன்று விரல் ஒரு விரலாகச் சுருங்கிவிடும்.

இப்போது இந்த மூன்று விரலை ஒரு முகத்தின்மேல் வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 6 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். முகத்தை 45 பாகை திருப்பி உட்கார்ந்திருக்கிறார் என்றால், பக்கத்துக் கண்ணைவிட அடுத்த கண் நாலரை செ.மீ. பின்னால் போய்விடுகிறது. பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதற்குப் பின்னால் நமக்குக் கிடைப்பது அந்த 4.5இல் பாதி, ஏறக்குறைய 2.3 செ.மீ. ஆகவே அடுத்த கண் மங்கியே தீரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் மங்கும். இரண்டு கண்ணும் வேண்டும் என்றால் எஃப்/2.8 வரை மூட வேண்டும். அப்போது பின்புறம் 4.6 செ.மீ. கிடைக்கும், கண் அதற்குள் மட்டுமட்டாக அடங்கும். ஒரு கண் போதும் என்றால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணைத் தேர்ந்தெடுங்கள். பார்ப்பவரின் பார்வை முதலில் போய் நிற்பது அங்கேதான். அது மங்கி மற்றது தெளிந்திருந்தால் முகமே அந்நியமாகத் தெரியும்.

தெளிவான பகுதியை, கேமராவுக்கு இணையாக நிறுத்திய ஒரு பெரிய கண்ணாடிப் பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேமராவைச் சாய்த்தால் அதுவும் சாயும். ஓர் அடி முன்னே வைத்தால் அதுவும் முன்னே வரும். அந்தப் பலகைமேல் படுகிறதெல்லாம் தெளிவு. இது மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மணமக்கள் இருவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள், ஒருவர் அரை அடி முன்னால் இருக்கிறார் என்றால், அவர்களை நகரச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பக்கவாட்டில் இரண்டு எட்டு வையுங்கள். இரண்டு முகமும் ஒரே பலகைமேல் வந்துவிடும்.

பலரும் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம் ஏன் தவறிப்போகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். நடு ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின்மேல் வைத்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கிறோம். கேமரா திரும்பும்போது பலகையும் கூடவே திரும்புகிறது. 50 மி.மீ. எஃப்/1.4, தூரம் 1 மீட்டர், திருப்பியது 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஃபோகஸ் தளம் கண்ணுக்கு 3.4 செ.மீ. பின்னால் போய் விழுகிறது. கிடைத்திருந்த ஆழம் முன்னே 1.6, பின்னே 1.6. கண் வெளியே தள்ளப்பட்டது, காது உள்ளே வந்தது. எஃப்/5.6இல் பழகிய கைக்கு இந்தப் பிழை தெரிந்திருக்கவே நியாயமில்லை, ஏனென்றால் அங்கே ஆழம் அதை மூடி மறைத்துவிடும். லென்ஸை முழுதாகத் திறக்கும்போது, கண் சட்டகத்தில் எங்கே வரப்போகிறதோ அங்கேயே ஃபோகஸ் புள்ளியைக் கொண்டுபோய் வையுங்கள். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் தயங்காமல் அதை நம்புங்கள். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மூக்குக் கண்ணாடியின் விளிம்பும் மூக்குத்திக் கல்லும் கண்ணைவிட முன்னால் இருக்கின்றன. கண்ணைவிடப் பளிச்சென்றும் இருக்கின்றன. கேமரா அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். எடுத்தவுடன் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்தச் சிக்கல் நம் தலைமுறைக்குப் புதிதாக வந்தது அல்ல. லென்ஸ் அகலமாகத் திறந்த நாளிலேயே தொடங்கியது. 1920களில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எர்னெமன் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்ட்டலே என்ற இளைஞர் எர்னோஸ்டார் லென்ஸை வடிவமைத்தார். 1924இல் அது எர்மனாக்ஸ் என்ற சிறு கேமராவில் எஃப்/2 திறப்போடு வந்தது. பிறகு எஃப்/1.8 ஆனது. ஃபிளாஷ் பொடி கொளுத்தாமல் அறைக்குள் படமெடுக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய புரட்சி. அந்தக் கேமராவைக் கையில் எடுத்தவர்களில் எரிக் சாலமன் முதன்மையானவர். 1928இல் நீதிமன்றத்துக்குள் கேமராவைத் தொப்பியில் மறைத்துக் கொண்டுபோய்ப் படமெடுத்தார். பிறகு ஐரோப்பிய அரசியல் மாநாடுகளுக்குள் நுழைந்தார். 1930இல் தி ஹேக் நகரில், நள்ளிரவு கடந்த பேச்சுவார்த்தையில் சோர்ந்து நாற்காலியில் சரிந்திருந்த அமைச்சர்களை அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது.

அவர் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடித் தகடுகள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தகடு மாற்ற வேண்டும். தகட்டின் உணர்திறன் குறைவு என்பதால் எஃப்/2இலும் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். தானியங்கி ஃபோகஸ் என்ற பேச்சே கிடையாது. 10 செ.மீ. குவியத் தூரம் கொண்ட அந்த லென்ஸுக்கு 5 மீட்டர் தூரத்தில் கிடைக்கும் ஆழம் சுமார் அரை மீட்டர். அதற்குள் இரண்டு மூன்று அமைச்சர்களை அடக்கினார். முக்காலியில் நிறுத்தி, தூரத்தை முன்கூட்டியே அளந்து, பேசுகிறவர் வாயை மூடி அசையாமல் இருக்கும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்தார். கருவி கொடுக்காததைப் பொறுமை கொடுத்தது. யூதராகப் பிறந்த காரணத்துக்காக அந்த மனிதர் 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிடத் தோன்றுகிறது. அறைக்குள் இருக்கும் இயல்பான ஒளியில் எடுக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொரு பெயர் ஸ்டான்லி குப்ரிக். 1975இல் வெளிவந்த அவருடைய 'பாரி லிண்டன்' படத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைகளின் இரவுக் காட்சிகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்கப்பட்டன. அதற்காக அவர் தேடிப் பிடித்தது ஜெய்ஸ் நிறுவனத்தின் 50 மி.மீ. எஃப்/0.7 பிளானார். நாசாவுக்காக 1966இல் செய்யப்பட்டது. மொத்தமே பத்து லென்ஸ்கள். அவற்றில் மூன்றை குப்ரிக் வாங்கினார். எஃப்/1.4ஐவிட நான்கு மடங்கு ஒளி! ஆனால் அதன் கடைசிக் கண்ணாடி ஃபிலிமை ஒட்டி நிற்க வேண்டியிருந்ததால், எட் டிஜூலியோ என்ற பொறியாளர் மிட்செல் கேமராவையே அறுத்துத் திருத்திப் பொருத்திக் கொடுத்தார்.

எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி, அவர்கள் ஃபோகஸை எப்படிப் பிடித்தார்கள் என்பது. எஃப்/0.7இல் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டு நடிகர் ஒரு விரற்கடை முன்னே சாய்ந்தாரா என்று சொல்ல முடியாது. அதனால் நடிகருக்குப் பக்கவாட்டில், 90 பாகையில், ஒரு வீடியோ கேமராவை நிறுத்தினார்கள். அதன் திரையில் நடிகர் எவ்வளவு முன்னே வருகிறார், எவ்வளவு பின்னே போகிறார் என்பது கோடு கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினார்கள். நடிகர்களுக்கும் அசைவு குறைவாகவே வைக்கப்பட்டது. சீட்டாட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சிகள் அதற்கு வசதியாக அமைந்தன. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. உலகத்திலேயே அகலமாகத் திறந்த லென்ஸ்களில் ஒன்றை வைத்திருந்தவர்களும் லென்ஸை மட்டும் நம்பி உட்காரவில்லை. தூரத்தை அளந்தார்கள், ஆளை ஓரிடத்தில் நிலைநிறுத்தினார்கள், கண்காணிக்க ஓர் ஆளையும் ஒரு திரையையும் வைத்தார்கள். நம் கையில் இருக்கும் எஃப்/1.8க்கும் இதே மூன்று காரியங்கள் வேண்டும், அளவில் சிறியதாக.

தூரம் என்றேன். ஷட்டரை அழுத்துகிற நாமே ஒரு பெரிய தொந்தரவு. நின்றபடி மூச்சு விட்டாலே உடம்பு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு செ.மீ. ஆடும். எதிரே இருப்பவரும் ஆடுவார். ஆழம் 3 செ.மீ. என்றால், ஃபோகஸைப் பூட்டிய கணத்துக்கும் ஷட்டர் விழும் கணத்துக்கும் நடுவில் எல்லாம் கைநழுவிவிடும். ஆகவே நெருங்கி எடுக்கும்போது ஒருமுறை பூட்டும் ஃபோகஸை விட்டுவிட்டுத் தொடர் ஃபோகஸுக்கு மாறுங்கள். நிக்கானிலும் சோனியிலும் ஏ.எஃப்.-சி, கேனன் டி.எஸ்.எல்.ஆரில் ஏ.ஐ. சர்வோ. முழங்கையை விலாவோடு சேர்த்து வையுங்கள், சுவரோ தூணோ கிடைத்தால் சாய்ந்துகொள்ளுங்கள், மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுங்கள். முடிந்தால் சற்றுப் பின்னே போங்கள். தூரம் 2 மீட்டரிலிருந்து 3 மீட்டர் ஆனால் ஆழம் இரண்டேகால் மடங்காகிறது. பிறகு படத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டாலும் லாபம் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. திறப்பை அகலமாக்கிச் சம்பாதித்த ஒளியை ஐ.எஸ்.ஓ.வைக் குறைப்பதில் மட்டும் செலவழித்துவிடாதீர்கள். ஒரு பங்கை வேகத்துக்குக் கொடுங்கள். ஆட்களை எடுக்கும்போது 1/250க்குக் கீழே இறங்காதீர்கள். உச்சிவெயிலில் இதற்கு நேர் எதிரான சிக்கல் வரும்: ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப்/1.4க்கு 1/12800 அளவுக்கு வேகம் தேவைப்படும், பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000த்தோடு நின்றுவிடும். எலக்ட்ரானிக் ஷட்டர் அல்லது ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடுங்கள், இல்லையேல் நிழலுக்கு வாருங்கள்.

டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. அந்தக் கேமராவில் ஃபோகஸைப் பார்ப்பது சென்சார் அல்ல. கண்ணாடி வழியாக ஒளி கீழே திரும்பி, அடியில் இருக்கும் வேறொரு கருவிக்குப் போகிறது. அந்த வழியின் நீளமும் சென்சாருக்குப் போகும் வழியின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். எஃப்/1.4இல் சென்சார் பக்கம் அனுமதிக்கப்படும் மொத்தப் பிழை பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கேமரா சற்று அடிபட்டிருந்தால், அல்லது லென்ஸும் பாடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், எடுக்கும் படமெல்லாம் ஒரே பக்கமாக, முன்னாலோ பின்னாலோ, விலகி நிற்கும். ஒரே பக்கமாக என்பதைக் கவனியுங்கள். சில படம் முன்னே, சில படம் பின்னே என்றால் அது நம் கை. எல்லாமே ஒரு பக்கம் என்றால் அது கருவி. சற்று விலை கூடிய பாடிகளில் இதைத் திருத்த வசதி இருக்கிறது, கேனனில் ஏ.எஃப். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிக்கானில் ஏ.எஃப். ஃபைன் ட்யூன். மிரர்லெஸ் கேமராக்கள் சென்சாரிலிருந்தே ஃபோகஸை அறிவதால் இந்தத் தொல்லை அவற்றில் அநேகமாக இல்லை. டி.எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டரில் கண்ணால் பார்த்து மேனுவல் ஃபோகஸ் செய்வதும் ஆபத்து. அந்தத் திரை எஃப்/2.8 அளவு ஆழத்தைத்தான் காட்டும், எஃப்/1.4இன் மெலிந்த ஆழத்தை ஒருபோதும் காட்டாது. லைவ் வியூவுக்கு மாறி, பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்புங்கள்.

லென்ஸுக்குக் குறையே கிடையாதா என்றால், உண்டு. கண்ணாடியின் விளிம்பு வழியாக வரும் கதிர்களும் நடு வழியாக வரும் கதிர்களும் ஒரே புள்ளியில் சேராமல் போவது கோளப் பிறழ்ச்சி. அதனால் ஏற்படும் பரவல், திறப்பின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே எஃப்/1.8லிருந்து ஒரே ஒரு ஸ்டாப், எஃப்/2.5 வரை மூடினாலே பரவல் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். பழைய கைகள் 'ஒரு ஸ்டாப் மூடி எடு' என்று சொல்லிக்கொடுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது. இந்தக் குறை படத்தில் எப்படித் தெரியும்? கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் அதன்மேல் மெல்லிய பனிப்படலம் போர்த்தியதாக இருக்கும். காது தெளிந்து கண் மங்குவது இந்தக் குறை அல்ல. படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருப்பதும் இந்தக் குறை அல்ல. அது கை நடுக்கம். மங்கலுக்கும் வகை உண்டு என்று படித்துப் பழகுங்கள். நோயை அறியாமல் மருந்து வாங்கக் கூடாது.

இன்றைய 50 மி.மீ. லென்ஸ்களில் பலவும், 1896இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானாரின் வாரிசுகள். அந்த வடிவம் அன்றைக்குச் சோபிக்கவில்லை. காற்றைத் தொடும் எட்டுப் பரப்புகளும் ஒளியைப் பிரதிபலித்துச் சிதறடித்தன. 1935இல் அலெக்சாண்டர் ஸ்மக்குலா பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகே அதற்கு உயிர் வந்தது. இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்துச் செதுக்கிய பொருள், குறைந்த விலையில் நம் கைக்கு வந்திருக்கிறது. அதை ஒரே வாரத்தில் 'ஷார்ப் இல்லை' என்று தள்ளிவிடுவதில் எனக்கு மனவருத்தம் உண்டு.

கடைசியாக, ஏன் திறக்கிறோம் என்பதைப் பற்றி. ஒளிக்காகத் திறப்பவர்கள் குறைந்து, பின்னணியைக் கரைப்பதற்காகவே திறப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பின்னணி கரைவதைத் தீர்மானிப்பது திறப்பு மட்டும் அல்ல. 85 மி.மீ. லென்ஸ், ஆள் 2 மீட்டரில் இருக்கிறார். அவருக்கு 1 மீட்டர் பின்னால் சுவர் இருக்க எஃப்/1.4இல் எடுங்கள். அடுத்து அவரைச் சுவரிலிருந்து 4 மீட்டர் முன்னே கொண்டுவந்து, அதே 2 மீட்டர் தூரத்தில் நின்று எஃப்/2.8இல் எடுங்கள். சுவர் இரண்டு படத்திலும் ஒரே அளவுதான் மங்கியிருக்கும். முதல் படத்தில் ஒரு கண் போயிருக்கும். இரண்டாவதில் இரண்டு கண்ணும் இருக்கும். ஆளை மூன்று மீட்டர் நகர்த்த இடமிருந்தும், எஃப்/1.4ஐப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை இழப்பது வீண் செலவு. தாலி கட்டும் நேரத்தில் மணமகன், மணமகள், பின்னால் விளக்குப் பிடிக்கும் நாத்தனார் என்று மூன்று முகமும் வேண்டியிருக்கிறது. அந்தக் கணம் திரும்ப வராது. அங்கே எஃப்/1.8 வைப்பது தைரியம் அல்ல, அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் தவறு. எஃப்/4 வையுங்கள், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். நாய்ஸைக் கணினியில் குறைக்கலாம். மங்கிய முகத்தை மீட்க முடியாது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். புதிய லென்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன், கையில் இருக்கும் ப்ரைமை முக்காலியில் நிறுத்துங்கள். நல்ல வெளிச்சத்தில், குவியத் தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு தள்ளி, அதாவது 50 மி.மீ.க்கு இரண்டரை மீட்டர் தள்ளி, சாய்த்துவைத்த ஒரு மர ஸ்கேலையும் அதன் நடுக்கோட்டுக்கு நேராக நிமிர்ந்து நிற்கும் ஓர் அச்சிட்ட தாளையும் வையுங்கள். தாளில் ஃபோகஸ் செய்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, முழுத் திறப்பில் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க விடுங்கள். அதே இடத்தில் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து இன்னும் பத்து எடுங்கள். கையால் பிடித்தவை தெளிவாக இருந்து, மற்றவை ஒரே பக்கம் விலகியிருந்தால் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வரிசையும் தெளிவாக இருந்தால் லென்ஸை விற்காதீர்கள். அதையே மாட்டிக்கொண்டு தினமும் ஒரு முகமாவது எடுங்கள்.